ஆயில் குடிக்கும் எங்கள் கார்

என் கணவர் கப்பலில் இன்ஜினுக்கு ஆயில் பார்க்கும் வேலையில் இருந்தவர். ஓய்வு பெற்று வீட்டோடு வந்தபின் அவர் கையில் சிக்கியது எங்கள் பழைய கார். காலையில் பல் துலக்குகிறாரோ இல்லையோ, பானெட்டைத் திறந்து, ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பார்ப்பார். குறைந்திருக்கும். ஊற்றுவார். கொஞ்சம் ஓடிவிட்டு வந்தால் மறுபடி குறைந்திருக்கும். அதற்கும் ஊற்றுவார்.

போகப்போக வண்டி நீலப் புகை விட ஆரம்பித்தது.

"ஏளா, இன்ஜின் ஆயிலக் குடிக்கி. உள்ள ரிங்கு தேஞ்சிட்டு. வந்த வெலைக்குத் தள்ளிருவோம்" என்றார்.

எனக்குத் திக்கென்றது. அந்தக் காரில்தான் உடன்குடிக்குப் போய்க் கருப்பட்டி எடுத்துவந்து தூத்துக்குடிக் கடைகளுக்குப் போடுகிறேன். அவர் கடலில் இருந்த காலத்தில் நானாகத் தொடங்கிய வியாபாரம். கார் போனால் அதுவும் போச்சு. "கொஞ்சம் பொறுங்க" என்று மட்டும் சொன்னேன். மனசுக்குள் சொன்னதை இங்கே எழுத முடியாது.

அந்த வாரம் உடன்குடியில் கடைக்காரர் கருப்பட்டியை எடை போட்டுக் கட்ட நேரமானது. என் வீட்டுக்காரர் பழக்கம் என்னையும் தொற்றியிருக்க வேண்டும். சும்மா நிற்பானேன் என்று கம்பியை உருவினேன். இதற்குமேல் ஊற்றக் கூடாது என்று கம்பியில் போட்டிருக்கும் மேல் கோட்டையும் தாண்டி ஆயில் ஒட்டியிருந்தது. இதுவா குடிக்கிற வண்டி? வயிறு முட்டிப்போய்க் கிடந்தது.

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு தரையைப் பார்த்தேன். சமதரை. வீட்டில் அப்படியா? வெள்ளம் வந்து போனபின் தெருவில் எல்லோரையும் போல நாங்களும் வாசலை உயர்த்திச் சரிவு போட்டிருந்தோம். தண்ணீர் ஏறிவிடக் கூடாதென்று கார் எப்போதும் அதன்மேல் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும். ஆயில் பின்பக்கம் போய்விடும், முன்னால் உள்ள கம்பிக்கு எட்டாது. இவர் குறைவென்று ஊற்ற ஊற்ற, மிஞ்சியது புகையாகப் போயிருக்கிறது.

திரும்பி வந்ததும் காரைத் தெருவிலேயே நிறுத்தினேன்.

"இன்ஜின் ஆறட்டும். இங்கன வச்சே பாருங்க."

பார்த்தார். துடைத்துவிட்டு இன்னொரு தடவை பார்த்தார்.

"ஆடுத கப்பல்லயே அளவு தப்பாம பாத்த ஆளு. நிக்கிற கார்ல கோட்ட விட்டுட்டியளே" என்றேன்.

"கப்பல யாருளா வாசல் சரிவுல ஏத்தி நிறுத்துதா?" என்றார் முறைப்பாக.

அன்றே மிஞ்சிய ஆயிலை அவரே வடித்தார். சில நாளில் புகை நின்றது. விற்கிற பேச்சும் நின்றது. அப்பாடா என்று இருந்தது எனக்கு.

இப்போது தினமும் காரைத் தெருவுக்கு இறக்கித்தான் கம்பியைப் பார்க்கிறார். "சரியாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, ஆயில் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நிற்கிறார். காலமெல்லாம் இன்ஜினுக்கு ஊற்றிய கை அது. நேற்று பார்க்கவே பாவமாகப் போய்விட்டது.

"முன் டயர்ல காத்து கொறஞ்ச மாரி தெரியுதே" என்றேன். குறையவெல்லாம் இல்லை.

டப்பாவைக் கீழே வைத்துவிட்டு, பம்பை எடுத்துவர உள்ளே ஓடினார்.