ஓடு என்று நினைத்தது

ஆய்வுக்கூடத்தைப் பழுதுபார்க்க மூடியபோது, என் கற்களை விருத்தாசலத்திலுள்ள அண்ணன் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இமயமலைப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல். ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் முன்பு கடலடியில் வாழ்ந்த, நத்தைக்குத் தூரத்து மூதாதையான உயிர்களின் ஓடுகள் அதற்குள் இருந்தன. கடுகளவுகூட இராது. வினிகர் போன்ற அமிலத்தில் ஊறவைத்தால் சுண்ணாம்பு கரைந்து, காலப்போக்கில் பாஸ்பேட்டாக மாறிவிட்ட அவை மட்டும் அடியில் தங்கும்.

பின்னறை வாளிகளில் கல் கரையும்போது மெல்லிய சீறல் எழும். கதவைச் சாத்தினாலும் கேட்கும்.

"உள்ள யாரோ மூச்சு விடுறாப்ல இருக்குதும்மா," என்ற அண்ணி, அந்தப் பக்கம் துணி காயப்போடுவதையே நிறுத்தினார்.

கிடைத்தவற்றை இரண்டு இனமாகப் பிரித்திருந்தேன். ஒன்று வரிவரியான ஓடு. மற்றது வழவழப்பானது, சற்றே ஒல்லி. வழவழப்பானதைப் போன்றவை வேறு இடங்களில் இன்னும் பழைய பாறைகளில்தான் கிடைத்திருந்தன. அதை நம்பியே அந்தப் பாறையின் வயதைக் கூட்டிக் கணித்திருந்தேன். மூன்று வருட வேலை.

ஒரு ஞாயிறு மதியம் டீ கொண்டுவந்த அண்ணி, பயத்தை மீறி நுண்ணோக்கியில் குனிந்தார். அவருக்குப் பீங்கான் பட்டறையில் பொம்மை அச்சுகளில் களிமண் கரைசல் ஊற்றும் வேலை. நெடுநேரம் நிமிரவில்லை.

"இது ஓடு இல்லம்மா. ஓட்டுக்குள்ள ரொம்பி இறுகுன மண்ணு. அச்சு போயிடுச்சு, உள்ள இருந்தது நிக்குது."

"இல்லங்க அண்ணி, இது வேற இனம்."

"இதுவே ஓடுன்னா, உள்ள அந்தப் பூச்சி இருந்த எடம் எங்க?"

சல்லடையில் மிஞ்சியதையெல்லாம் மறுபடி துழாவினேன். மூன்றாம் நாள் ஒன்று அகப்பட்டது: பாதி உடைந்த வரி ஓடு, அதன் அடியில் அந்த வழவழப்பு. இரண்டும் ஒரே உயிர்.

பெரிதாக்கிப் பார்த்தபோது வழவழப்பின் மேல் தேனடை போன்ற நுண்ணிய குழிகள் தெரிந்தன. உயிரோடு இருந்தபோது அதன் உடம்பு ஓட்டின் உட்சுவரில் பதித்த தடம். மூன்று வருடமாக நான் அளந்தது, அது சுருண்டு கிடந்த வெற்றிடத்தை.

அண்ணியைக் கூப்பிட்டுக் காட்டினேன். பார்த்ததும் கையை உதறிக்கொண்டார்.

"சாவு வூட்டுக்குப் போயிட்டு வந்தா குளிக்கணும்மா," என்று குளியலறைக்குப் போனார்.

ஓர் இனத்தின் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்கினேன். பாறையின் வயதைக் குறைத்து என் ஆய்வு வழிகாட்டிக்கு எழுதினேன். அவர் கோபித்துக்கொள்வார் என்று பயந்திருந்தேன். படங்களைப் பார்த்துவிட்டு ஒப்புக்கொண்டார். ஆனால் அதற்கெல்லாம் முன்பே, அன்று அண்ணி குளித்து வெளியே வந்ததும், நானும் தலைக்கு ஊற்றிக்கொண்டேன்.