மூன்று நாள் கெடு

அமெரிக்காவின் நெப்ராஸ்காவில், சோளக்காடு சூழ்ந்த ஒரு சிற்றூரில், காவல் தலைவரான ஷெரிப்பின் அலுவலகம். அதன் பின்பக்கத்தில் ஜன்னலில்லாத ஓர் அறை. பாலியல் குற்றத்துக்குத் தண்டனை முடித்து வந்தவர்கள் அங்கே நேரில் வந்து முகவரி, வேலை, வண்டி எண் எல்லாம் பதிய வேண்டும். வீடு மாறினால் மூன்று வேலை நாட்களுக்குள் சொல்லியாக வேண்டும். தவறினால் மறுபடி வழக்கு. இந்தப் பதிவேட்டைப் பதினெட்டு வருடமாகப் பார்த்து வந்தவள் வெர்லீன் ஸ்டக்கி.

வந்தவர்கள் மேல் அவளுக்கு இரக்கம் என்று சொல்ல முடியாது. ஒவ்வொருவர் வழக்கையும் படித்தவள். ஆனாலும் 'மிஸ்டர்' போட்டுத்தான் கூப்பிடுவாள். "தொப்பிய எடுங்க, நிமிர்ந்து பாருங்க. கல்யாண போட்டோ இல்ல, சிரிக்க வேணாம்" என்று அவள் அதட்டும்போது, கூனிக் குறுகி நிற்பவனுக்கும் முதுகு நேராகும்.

ஒரு மார்ச் மாத வெள்ளத்தில் ஆற்றுப்பாலம் போயிற்று. அக்கரையிலிருந்து, பதிவேட்டில் உள்ள ஆர்டெல் பிக்ஸ்பி அவளுக்குப் போன் செய்தான்.

"அம்மா, வீடு போச்சு. தானியக் கிடங்குல ஒண்டியிருக்கேன். நாளையோட கெடு முடியுது. வர வழியில்ல."

ஷெரிப் டோபின் தோளைக் குலுக்கினான். "வரலைன்னா வாரன்ட்தான்."

"வாரன்ட்டுக்குப் பயந்து ஓடிட்டான்னா? அவன் எங்க இருக்கான்னு ஊருக்குத் தெரியணும்னுதானே இந்தப் பதிவேடே?"

"அதுக்கு நீங்க நீந்திப் போவீங்களா?"

"கார் இருக்கு, போறேன்."

வடக்குப் பாலம் வழியாக எழுபது மைல் சுற்று. ஆர்டெல் கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்திருந்தான். காகிதங்களைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிச் சட்டைக்குள் வைத்திருந்தான். படிவம், ரேகை, புகைப்படம் எல்லாம் முடிந்ததும் வெர்லீன் முட்டை சாண்ட்விச் ஒன்றை நீட்டினாள். "சாப்பிடுங்க மிஸ்டர் பிக்ஸ்பி. இது பதிவுல வராது."

மறுநாள் காலை கேந்த்ராவின் போன். ஆர்டெல் முன்பு சீரழித்த சிறுமியின் தாய் அவள்.

"வெள்ளத்துல அந்தாளு எங்க போனான் வெர்லீன்? எம் பொண்ணு கதவுகிட்டயே நிக்கிறா."

"ஆத்துக்கு அந்தப் பக்கம். நேத்து என் கண்ணால பாத்தேன். பாலம் இல்ல, கேந்த்ரா."

மறுமுனையில் நீண்ட மூச்சு. "அவகிட்ட சொல்றேன்."

வெர்லீன் போனை வைத்தாள். சாண்ட்விச் கொடுத்ததற்கு அவள் வருந்தவில்லை. கேந்த்ராவிடம் அதைச் சொல்லவும் அவளுக்கு வாய் வரவில்லை.

புதுப் பாலம் வர ஒன்றரை வருடமாயிற்று. அதுவரை மாதம் ஒருநாள் அக்கரைத் தீயணைப்பு நிலையத்தில் பதிவு நடக்கட்டும் என்றான் டோபின்.

"அப்போ ஹீட்டர் வேலை செய்யற வண்டியாக் குடு" என்றாள் வெர்லீன்.