மேசைக்குள் இருந்த ரபியின் கடிதங்கள்

மெல்பேர்னில் வேண்டாத மேசை, நாற்காலி போன்ற தளபாடங்களை வீதியோரம் வைத்துவிடுவார்கள். விரும்பியவர் எடுத்துப் போகலாம். தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து எங்களிடம் வந்து ஒரு வருடம்கூட ஆகாத மாமாவுக்கு இதைவிடப் பெரிய அதிசயம் உலகத்தில் இல்லை. ஆட்களைவிடக் கதிரைகள் அதிகமாகிவிட்ட வீட்டில், அம்மா தன் தம்பியைத் திட்டிக்கொண்டே அவற்றைத் துடைத்து வைப்பார்.

ஒரு ஞாயிறு காலை மாமா கோல்ஃபீல்ட் பகுதியில் ஒரு வீட்டு வாசலிலிருந்து ஒரு எழுதுமேசையை வான் வண்டியில் ஏற்றி வந்தார். எனக்கு எட்டு வயது. மேசையின் லாச்சியை, அந்த இழுப்பறையை, இழுத்தேன், பாதியில் இறுகி நின்றது. கையை விட்டுத் துழாவியபோது ஒரு துணிப்பொட்டலம் அகப்பட்டது. உள்ளே மஞ்சளாகிப்போன கடிதங்கள். நான் எங்குமே கண்டிராத எழுத்து.

“புதையல்!” என்று கத்தினேன்.

“ஓமடி, புதையலுக்கு வழி சொல்லுற கடதாசிதான்!” மாமா என்னைவிடப் பலமாகக் கத்தினார்.

அம்மா மட்டும் ஒன்றை எடுத்து நிதானமாகப் பார்த்தார். “இது ஆரின்ரையோ வீட்டுக் கடிதம். தேடிக்கொண்டு இருப்பினம். உடனை கொண்டுபோய்க் குடுப்பம், வா.”

மாமா வானைப் பறக்கவிட்டார். மேசை கிடந்த வீட்டு முற்றத்தில், நீண்ட தாடியும் கறுப்பு அங்கியுமாக ஒருவர் எதையோ தேடிப் பெட்டிகளைக் கவிழ்த்துக் கொட்டிக்கொண்டிருந்தார். அவருடைய தந்தை இறந்துபோக, வீட்டைக் காலி செய்தவர்கள் மேசையையும் வெளியே வைத்துவிட்டார்களாம். பொட்டலத்தைக் கண்டதும் அவர் புல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகு துள்ளி எழுந்து மாமாவைக் கட்டிப்பிடித்தார். அவர் கூப்பிட்ட சத்தத்தில் உள்ளேயிருந்து பிள்ளைகள் ஓடி வந்தார்கள். முற்றம் திருவிழாவாகிவிட்டது.

அவருடைய பூட்டனார், அதாவது தாத்தாவின் அப்பா, போலந்தில் ஒரு சின்ன ஊரில் ஹசிதிக் ரபியாக, அதாவது யூத மதகுருவாக, இருந்தவர். மெல்பேர்னுக்கு வந்துவிட்ட தன் அக்காவுக்கு அவர் எழுதிய கடிதங்கள் அவை. தாடிக்காரர் ஒன்றை ஆங்கிலத்தில் வாசித்துக் காட்ட, அம்மா மாமாவுக்குத் தமிழில் சொன்னார். ரபி அக்காவின் இருமலை விசாரித்தார். அவளுடைய பிள்ளைகளை ஒவ்வொருவராக ஆசீர்வதித்தார். தோட்டத்துப் பழமரங்களைப் பற்றி எழுதினார். புதையல் எப்போது வரும் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன். கடைசி வரியில்தான், என் பிள்ளைகளின் கப்பல் செலவுக்கு உன்னால் ஏதாவது முடியுமா என்று கேட்டிருந்தார்.

“காசு வந்ததா?” அம்மா அவசரமாகக் கேட்டார்.

தாடிக்காரர் தன் நெஞ்சைத் தட்டினார். “வராவிட்டால் நான் எப்படி இங்கே நிற்பேன்?”

எல்லோரும் கைதட்டினோம். மாமா மட்டும் அந்தக் கடிதத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“நானும் இப்பிடித்தானேயக்கா எழுதினனான்.”

“ஓம். நான் எப்பவும் கடைசி வரியைத்தான் முதல் வாசிக்கிறனான்,” என்றார் அம்மா. இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

முகாமிலிருந்து மாமா காசு கேட்டு அம்மாவுக்கு எழுதியவற்றைப் பற்றி எனக்கு அப்போது ஒன்றும் தெரியாது. மாமா சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டு, திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில், என் மாமாவுக்கு ரபிகளின் பாஷை எழுதத் தெரியும் என்று எல்லோரிடமும் பெருமையடித்தேன்.