சோதனைக்குத் தின்ற ரொட்டி

அப்போதுதான் இறங்கிய ரொட்டியில் இரண்டு துண்டு நறுக்கி, கல்லாவுக்குப் பின்னால் நின்றபடி மென்றுகொண்டிருந்தார் ரொட்டிக்கடை அக்கா. "பேசாதீங்க, மருந்து சாப்பிடறேன்" என்று, ரொட்டி வாங்கப் போன என்னிடம் கையைக் காட்டினார். கடைசி வாயை விழுங்கியதும் முகம் சுண்டிப்போனது. இன்னும் கொஞ்ச நேரத்தில் வயிறு உப்பிக்கொண்டு வலிக்கும் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தேதான் தின்கிறார்.

தெருவில் பாதிப் பேருக்குக் காலை விடிவது இவர் கையால்தான். மாவைக் கிள்ளிப் பார்த்தே தண்ணீர் போதாது என்பார். ஒவ்வொரு ஈட்டிலும் ஒரு துணுக்கை வாயில் போட்டு, "உப்பு கொஞ்சம் முந்திக்கிச்சு" என்று தீர்ப்புச் சொல்வார். அந்த நாக்கை நம்பித்தான் கடையே ஓடுகிறது.

ஆனால் வெகுநாளாக வயிற்றுப்போக்கு, சோர்வு, இரும்புச்சத்து மாத்திரை எவ்வளவு தின்றாலும் ஏறாத ரத்தம். கோதுமை ஆகாத 'சீலியாக்' நோயாக இருக்கலாம் என்று டாக்டர் ரத்தப் பரிசோதனை எழுதினார். "கோதுமை சாப்பிடறீங்கல்ல?" என்று அவர் கேட்டதற்கு, "நல்லா கேட்டீங்க, நாள் பூரா ரொட்டியோடதான் கிடக்கேன்" என்றாராம் அக்கா. முடிவு 'நார்மல்' என்று வந்தது. அன்று கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் இனிப்பு பன் கொடுத்தார். வயிறு மட்டும் கேட்கவில்லை.

மறுபடி போனபோதுதான் குட்டு உடைந்தது. கிடந்தது ரொட்டியோடுதான், தின்றது இல்லை. வலிக்கிறதே என்று பல மாதங்களாக ருசி பார்த்துவிட்டுத் துப்பிக்கொண்டிருந்தார். டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். இந்த நோய் இருந்தால், கோதுமை உள்ளே போகப்போக உடம்பு தன் குடலையே எதிரியாக நினைத்துப் படை திரட்டும். ரத்தத்தில் தேடுவது அந்தப் படையை, அதாவது எதிர்ப்பொருளை. கோதுமையை நிறுத்தினால் படை மெல்லக் கலைந்துவிடும். நோய் இருந்தாலும் காகிதம் 'நார்மல்' என்று சொல்லிவிடும்.

காகிதத்தில் இன்னொரு எண்ணும் உண்டு. அந்த வகைப் படையை இவர் உடம்பால் திரட்டவே முடியுமா என்று சொல்வது அது. எனக்குப் புரியவில்லை, விழித்தேன். அக்கா சிரித்தார். "ஈஸ்ட் உசிரோட இருக்கான்னு முதல்ல பாக்கணும்ல? செத்த ஈஸ்ட்டப் போட்டுட்டு மாவு பொங்கலையேன்னா என்ன அர்த்தம்? என் ஈஸ்ட் நல்லாத்தான் இருக்காம், மாவுதான் போடல."

ஆகவே டாக்டர் சொன்னபடி, அடுத்த பரிசோதனை வரை தினமும் இந்த இரண்டு துண்டு. "சந்தேகத்துல பத்தியம் இருக்க என்னால முடியாதுப்பா. இருக்கா இல்லையான்னு தெரிஞ்சிடணும்" என்றார்.

"இருந்துட்டா?" என்றேன்.

அக்கா ரொட்டிக் கத்தியைத் துடைத்து வைத்தார். இருந்துவிட்டால் இனி ஒரு துணுக்குகூட வாயில் படக்கூடாது. நாக்கு போனால் கடை என்னாகும்? அந்தக் கேள்வியையும் சேர்த்துத்தான் வாரக்கணக்கில் விழுங்கினார். ஊசியைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிற எனக்கு, அதை நின்று பார்க்கவே மலைப்பாக இருந்தது.

இந்த முறை எதிர்ப்பொருள் எண் எகிறியிருந்தது. குடலுக்குள் குழாய் விட்டுப் பார்த்தும் டாக்டர் உறுதி செய்துவிட்டார்.

மறுநாள் காலை நான் போனபோது அக்கா மாவுத்தூசிக்கு முகமூடி போட்டிருந்தார். முதல் ஈடு இறங்கியது. ஒரு துணுக்கைப் பிய்த்துக்கொண்டு, அடுப்பருகே நின்ற கணவரைக் கூப்பிட்டார். குழம்பில் உப்பே போடாவிட்டாலும் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவுகிற மனுஷன் அவர்.

"வாயத் தொறங்க" என்று ஊட்டிவிட்டார். "உப்பு எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு."

"நல்லா இருக்குன்னா எனக்கு என்ன தெரியும்? நல்லா மென்னுட்டுச் சொல்லுங்க. அவசரமில்ல."

கணவர் மென்றார். அக்கா அவர் தாடையையே பார்த்துக்கொண்டு நின்றார். முகமூடிக்குள் அக்காவின் தாடையும் கூடவே மென்றுகொண்டிருந்தது.