ஒரு கொக்கியில் இரண்டு பாரம்

வாய் ஓயாமல் பேசுகிற மனுஷன் பேச்சை நிறுத்திவிட்டால் வீடு எப்படி இருக்கும் என்று போன ஜூலை மாதம்தான் எனக்குத் தெரிந்தது. என் பெயர் எஸ்தர். என் கணவர் தேவராஜ் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ரோலிங் மில்லில் கிரேன் ஓட்டுகிறவர். இருபத்திரண்டு வருஷம் உயரத்தில் கூண்டுக்குள் உட்கார்ந்து, கீழே நிற்கிறவர் காட்டும் கைச் சைகையைப் பார்த்து இரும்பைத் தூக்கினவர். "கொக்கி ஒண்ணு, பாரம் ரெண்டுன்னா எவன் சொன்னாலும் தூக்க மாட்டேன்" என்று வீட்டில் பெருமையாகச் சொல்வார். சாப்பிடும்போதுகூட அந்தச் சைகைதான். உள்ளங்கையை நீட்டினால் சோறு போதும். விரலைத் தரைப் பக்கம் காட்டிச் சுற்றினால் இறக்கு, அதாவது குழம்புச் சட்டியைக் கீழே வை.

ஒரு செவ்வாய்க்கிழமை, முதல் ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது, பல் துலக்கின இடத்திலேயே சரிந்தார். பக்கவாதம். உயிரைக் கர்த்தர் திருப்பிக் கொடுத்தார். வலது கையும் பேச்சும் போய்விட்டன. நாம் சொல்வது அவருக்குப் புரியும், பதில்தான் வராது. தெருமுனையிலிருந்தே "எஸ்தரு" என்று கூப்பிட்டுக்கொண்டு வருகிறவர், என் முகத்தைப் பார்த்து வாயைத் திறப்பார், காற்று மட்டும் வரும். பல நாள் எனக்கு வேதாகமத்தைத் திறக்கவே மனம் வரவில்லை. அதை மறைத்துச் சாட்சி சொன்னால் அது சாட்சியே இல்லை.

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் மேடம் ஒருவர், "முதல் சில மாசம்தான் ரொம்ப முக்கியம், விட்டுடாதீங்க" என்றார். அவர் இருப்பது சென்னையில். ரயிலடிப் படிக்கட்டில் என் வீட்டுக்காரரை ஏற்ற முடியாது. அதனால் வாரம் மூன்று நாள், காலை பதினொரு மணிக்கு, அரை மணி நேரம் வீடியோ காலில் பயிற்சி என்று முடிவாயிற்று. மகள் வேலை கிடைத்து ஹாஸ்டலுக்குப் போனபோது தன் பழைய லேப்டாப்பை விட்டுப் போயிருந்தாள். விலை குறைந்தது, தூக்கினால் ஒரு பரீட்சை அட்டை கனம்தான் இருக்கும். அரிசி டப்பாவின் மேல் வைத்தால் கேமரா சரியாக அவர் முகத்துக்கு நேரே நிற்கும். என் போனிலிருந்து அதற்கு நெட் கொடுப்பேன்.

இனி என் தவறு. எங்கள் ஜெபக் குழுவில் என்னைத் தவிர ஒன்பது பெண்கள். ஆளுக்கொரு ஊர், ஆளுக்கொரு ஷிஃப்ட். ஆகையால் எங்கள் ஜெபமும் வீடியோ காலில்தான். குழுவை நடத்துகிற சரோஜா அக்கா ஆரம்பாக்கத்தில் இருக்கிறார். அவர் சொன்னார்: "அவரு பயிற்சி பண்ற அரை மணி நேரமும் நாங்க ஜெபம் பண்ணிக்கினே இருப்போம் எஸ்தரு. நீயும் எங்க கூடவே இரு. லிங்க்க மட்டும் கட் பண்ணிடாத."

அப்படியே செய்தேன். லேப்டாப்பில் முன்னால் பெரிதாக மேடம். கீழ் ஓரத்தில் சின்னதாக, சத்தத்தை அடைத்து, ஜெபிக்கிற சகோதரிகள். இரண்டும் ஒரே சமயத்தில் ஓடும்.

மேடம் "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணி, மூன்றைச் சொல்லாமல் உதட்டை மட்டும் குவித்துக் காட்டுவார். மிச்சத்தை இவர் சொல்ல வேண்டும். ஆனால் படம் பாதியில் நின்றுவிடும். மேடத்தின் வாய் திறந்தபடி நிற்கும். இவரும் அதைப் பார்த்து வாயைத் திறந்தபடியே உட்கார்ந்திருப்பார். எச்சில் வழியும், நான் துடைப்பேன். ஒன்றரை மாதம் இதே கதை.

"லேப்டாப்ல வேற ஏதாவது ஓடுதாம்மா?" என்று மேடம் கேட்டார். "ஒண்ணும் இல்ல மேடம்" என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். ஜெபம் ஓடுகிறது என்று சொன்னால் சிரிப்பாரோ என்று வெட்கம். கடைசியில் அவர், "அடுத்த தடவையும் இப்படின்னா வீடியோ சரிப்படாதும்மா, நேர்லதான் வரணும்" என்று சொல்லிவிட்டார். நேரில் போக வழியில்லை. அன்றோடு என் வீட்டுக்காரர் பேச்சு முடிந்தது என்று நினைத்தேன்.

அந்த அடுத்த தடவை ஒரு வெள்ளிக்கிழமை. இரண்டு வீடியோ காலையும் போட்டுவிட்டு லேப்டாப்பின் மேல் கை வைத்து ஜெபித்தேன். சிரிக்காதீர்கள், உண்மையாகவே கை வைத்தேன். "ஆண்டவரே, இந்தப் பெட்டியைத் தொடும்" என்று அழுதேன். தோசைக் கல் போல அது கையைச் சுட்டது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

படம் மறுபடி நின்றது. அப்போது என் வீட்டுக்காரர் இடது கையைத் தூக்கினார். உள்ளங்கையை எனக்கு நேராக நீட்டினார். களைத்துவிட்டாராக்கும் என்று நினைத்தேன். அவர் தலையை ஆட்டி, திரையின் ஓரத்தில் சகோதரிகள் இருந்த இடத்தைத் தொட்டார். பிறகு ஆள்காட்டி விரலைத் தரைப் பக்கம் காட்டிச் சுற்றினார். இறக்கு.

ஒன்பது பேர் ஜெபிக்கிற வீடியோ காலை நான் எப்படி நிறுத்துவது? அவர் கோபமாக இன்னொரு தடவை விரலைச் சுற்றினார். கண்ணை மூடிக்கொண்டு ஜெபக் காலைக் கட் பண்ணினேன்.

கொஞ்ச நேரத்தில் மேடத்தின் உதடு அசைந்தது. "ஒண்ணு, ரெண்டு" என்று சொல்லி உதட்டைக் குவித்தார். இவர் அந்த உதட்டையே பார்த்தார்.

"மூ" என்றார். பிறகு, "மூணு."

நான் மேடத்திடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு அழுதேன். அவர் திட்டவில்லை. "ஜெபம் பண்ணுங்கம்மா, இந்த லேப்டாப்ல மட்டும் வேணாம்" என்றார்.

சரோஜா அக்காவிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. "அப்போ எங்க ஜெபந்தான் அவருக்குத் தடையா இருந்துச்சின்றியா?" என்று கேட்டு போனை வைத்துவிட்டார். திங்கட்கிழமை பதினொரு மணிக்கு அவரிடமிருந்து ஒரு மெசேஜ் வந்தது: "அவங்கவங்க ஊட்ல ஆரம்பிச்சிட்டோம். நீ இத பாக்காத, அவரைப் பாரு." அதைப் படித்து நான் அழுத அழுகை சந்தோஷ அழுகை.

நான் ஒரு பெட்டிக்காக ஜெபித்தேன். கர்த்தரோ பேச்சில்லாத மனுஷனின் நல்ல கையைக் கொண்டு எனக்குப் பதில் சொன்னார். அந்த ஒன்பது பேர் ஜெபம் ஒன்றும் வீண்போகவில்லை. என் கண் அவர் கையைப் பார்த்தது அந்த ஜெபத்தால்தான் என்று நம்புகிறேன். இப்போது ஐம்பது வரை எண்ணுகிறார். என்னை "எஸ்... த... ரு" என்று மூன்று துண்டாகக் கூப்பிடுகிறார். எனக்கு அது போதும், மிச்சத்தையும் கர்த்தர் தருவார்.

உங்கள் வீட்டிலும் ஏதோ ஒன்று அசையாமல் நிற்கலாம். விடாமல் கேளுங்கள். கேட்டுவிட்டு வீட்டில் இருக்கிறவர்களின் முகத்தையும் பாருங்கள், பதில் அங்கிருந்தும் வரும். எதையாவது இறக்கச் சொன்னால் பயப்படாமல் இறக்குங்கள்.

டிசம்பரில் சகோதரிகள் எல்லாரும் எங்கள் வீட்டுக்கு நேரில் வந்தார்கள். சரோஜா அக்கா ஜெபிக்க ஆரம்பித்தால் குக்கரில் வைத்த சோறு குழைந்துவிடும். அன்றும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. நடுவில் என் வீட்டுக்காரர் இடது உள்ளங்கையை நீட்டி, எல்லாருக்கும் கேட்கும்படி "ஆமென்" என்றார். அக்கா பாதி வாக்கியத்தில் நிறுத்தி, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஆமென் சொல்வது அவருடைய வேலை.