உறைக்குள் ஒரு குரோனா

நோர்வேயில், ஹொல்ம்லியாவில் எங்கள் கார்க் கொட்டகையில் ஏழு வருடம் கார் நிற்கவில்லை. என் கையால் நானே கட்டிய இரண்டு இருக்கை விமானம்தான் நின்றது. பேருந்து ஓட்டிய நேரம் போக மிச்ச நேரமெல்லாம் அதற்குத்தான். விமானம் ஓட்டும் உரிமம் முன்பே எடுத்திருந்தேன். ஆனால் இது நான் வாடகைக்கு எடுத்து ஓட்டிய சாதுவான விமானங்களைப் போன்றதல்ல. இறங்கும்போது அசந்தால் வாலைச் சுழற்றிவிடும். அதே வகை விமானத்தில் பழகி, பழக்கியவரின் கையெழுத்தோடு வந்தால்தான் விமானத்துக்குக் காப்புறுதி தருவோம் என்றது காப்புறுதி நிறுவனம்.

திராமன் நகர்ப் பக்கம் ஒருவரிடம் அதே வகை விமானம் இருந்தது. ஓய்வுபெற்ற பயிற்சியாளர். முதல் நாளே சொல்லிவிட்டார்: "வீட்டில் கட்டிய விமானத்தில் பழக்கிக் கூலி வாங்குவதற்குத் தனி அனுமதி வேண்டும். என்னிடம் இல்லை. பெட்ரோலில் பாதியைப் போடு. வேறொன்றும் வேண்டாம்."

தலையாட்டினேன். மனதுதான் கேட்கவில்லை. மூன்று முறை பறந்தோம். மழை விடும்வரை எனக்காகக் காத்திருந்த நாளும் உண்டு. நான்காம் முறை புறப்படும்போது மனைவி வாசலில் மறித்தாள்.

"அந்த மனிசன் சும்மா பழக்கிறார். நீங்கள் வெறுங்கையோடையே போறியள்? வெக்கமாயில்லையே?"

"வாங்கமாட்டாராம்."

"ஆரும் முதல்ல வேண்டாமெண்டுதான் சொல்லுவினம்."

எங்கள் ஆட்கள் அப்படித்தான். மூன்று தரம் வேண்டாம் என்பார்கள். நாலாம் தரம் சட்டைப்பைக்குள் திணித்துவிட வேண்டும். நோர்வேக்காரன் வேண்டாம் என்றால் வேண்டாம்தான் என்பது, இத்தனை வருடம் இங்கே இருந்தும் என் மண்டையில் ஏறவில்லை. பணத்தாள்களோடு சகுனத்துக்கு ஒரு குரோனா நாணயமும் போட்டு, மூலையில் மஞ்சள் தடவிய கடித உறையை அவருடைய இருக்கைப் பையில் வைத்துவிட்டு வந்தேன்.

அடுத்த நாள் தொலைபேசியில் அழைத்தார்.

"நீ எனக்குக் கூலி தந்திருக்கிறாய்."

"கூலி இல்லை, அன்பளிப்பு."

"விதிக்கு அந்த வித்தியாசம் தெரியாது. பணம் வாங்காமல் பழக்கினேன் என்று நான் கையெழுத்துப் போட வேண்டும். இனி எப்படிப் போடுவது?"

"திருப்பி அனுப்பிவிடுங்கள். ஒருவருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியும்," என்றார்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. உறை தபாலில் வந்தது. அந்த ஒரு குரோனாவும் உள்ளே இருந்தது, அவருடைய கையெழுத்துத்தான் இல்லை. எனக்கு அழுகையை விடக் கோபம்தான் வந்தது, முதலில் அவர் மேல், பிறகு மனைவி மேல். என் மேல் வர நெடுநாள் எடுத்தது. அதே வகை விமானத்தோடு வேறொருவரைத் தேடி இரண்டு கோடை போயின. மூன்றாம் கோடையில் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, வந்தது. விமானம் ஓட்டத் தேவையான மருத்துவச் சான்று போய்விட்டது.

விமானத்தைத் துரொண்ட்ஹெய்ம்காரர் ஒருவர் வாங்கிப்போனார். ஒருநாள் அவரிடமிருந்து அழைப்பு வந்தது. முதல் தரம் பறந்துவிட்டாராம். கையை விட்டாலும் நேராகப் போகிறதாம்.

"யாரிடம் பழகினீர்கள்?" என்று கேட்டேன்.

"திராமனில் ஒருவர். ஒன்றும் வாங்கவில்லை. நன்றி சொன்னேன், கையைக் குலுக்கினார், அவ்வளவுதான்."

தொலைபேசியை வைத்த பிறகுதான் எண்ணிப்பார்த்தேன். நான்கு முறை அந்த மனிதரோடு பறந்திருக்கிறேன். ஒரு முறையும் வாயால் நன்றி சொன்னதில்லை.