இருபத்தேழு வயதில் வந்த ரத்த அழுத்தம்

ரத்தம் கொடுக்கப் போன இடத்தில்தான் எனக்கு நோய் இருப்பது தெரிந்தது. ஓசூரில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் ரத்ததான முகாம். கையில் பட்டையைச் சுற்றிய நர்ஸ், சிறிது பொறுத்து மறுபடியும் சுற்றினார்.

“நீங்க குடுக்க வேணாம்மா. பிபி நூத்தியெண்பது காட்டுது. டாக்டரைப் பாருங்க.”

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. தலைவலி இல்லை, மயக்கம் இல்லை. நாகரசம்பட்டியிலிருக்கும் அப்பாவுக்குப் போன் செய்தேன்.

“எனக்கே அறுபதுலதான் வந்துச்சு. உனக்கு இப்ப என்ன பிபி? மெஷின் ரிப்பேரா இருக்கும்” என்றார்.

நம்ப ஆசையாக இருந்தது. என் கணவர் நம்பவில்லை. லீவு போட்டுவிட்டு, மூக்கண்டப்பள்ளியில் எங்கள் வீட்டருகே இருந்த மருத்துவரிடம் அழைத்துப்போனார். அந்தப் பெண் மருத்துவர் என் வயிற்றில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து நெடுநேரம் கேட்டார். பிறகு ஸ்கேன் எடுக்கச் சொல்லி எழுதினார்.

“மாத்திரை போதாதா டாக்டர்?” என்றேன்.

“அறுபது வயசுன்னா இவ்வளவு தேட மாட்டேன். இந்த வயசுல வந்தா பின்னால காரணம் இருக்கலாம். கவனிக்காம விட்டா இதயமும் கிட்னியும் எத்தனை வருஷம் இதைத் தாங்கணும், யோசிங்க.”

ஸ்கேனில் காரணம் தெரிந்தது: சிறுநீரகத் தமனிச் சுருக்கம் (சிறுநீரகத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் குறுகிவிடுவது). குழந்தைக்கு முயன்றுகொண்டிருந்தோம். “அழுத்தம் அடங்கட்டும்மா, அப்புறம் பார்க்கலாம்” என்றார் மருத்துவர். அதற்குத்தான் அழுதேன்.

பெங்களூரில் பலூன் சிகிச்சை (தொடை வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, குறுகிய இடத்தை விரிப்பது) நடந்தது. நினைவோடுதான் படுத்திருந்தேன். தலைமாட்டில் நின்ற நர்ஸ் கன்னடத்தில், “நோவு இதியா?” என்றார். வலிக்கிறதா என்று கேட்கிறார். “இல்லக்கா” என்றேன் தமிழில். நெற்றியைத் தடவிவிட்டார்.

அழுத்தம் மெல்ல இறங்கியது. இப்போது ஒரே ஒரு சிறிய மாத்திரை. ஒரு கூடை மாம்பழத்தோடு வந்த அப்பா, “மெஷின் நல்லாத்தான் இருந்திருக்குது” என்றார்.

எல்லோருக்கும் இப்படிக் காரணம் அகப்படாது. பலருக்கு மாத்திரைதான் வழி. அதுவும் நல்ல வழியே. சின்ன வயதுதானே என்று மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

குழந்தைக்கு முயலலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். எப்போது என்று நாங்கள் அவசரப்படவில்லை. உடம்பை நான் கேட்காமலே உழைக்கும் ஒன்றாக நினைத்திருந்தேன். இப்போது காலையில் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருக்கையில் சில நாள் மணிக்கட்டில் விரல் வைத்துப் பார்க்கிறேன். நாடி நிதானமாக ஓடுகிறது. பஸ் வந்தால் கையை எடுத்துவிட்டு, எல்லோரையும்போல ஓடிப்போய் ஏறிக்கொள்கிறேன்.